ஏபிஎஸ் விளக்கு என்ன சொல்கிறது? பழைய காரில் பழுதைத் தேடும் எளிய வழி

பழைய கார் ஒன்றின் டாஷ்போர்டில் மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு (பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் நின்றுவிடுவதைத் தடுக்கும் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு) எரிய ஆரம்பித்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "பிரேக்கே போயிடுச்சு, வண்டியைத் தொடாதே" என்பார் ஒருவர். "அது அப்படித்தான் எரியும், ஃபியூஸைப் பிடுங்கிடு" என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. ஆனால் அதிகச் செலவு வைப்பது மூன்றாவது யோசனைதான்: "சென்சார் போயிருக்கும், மாத்திடலாம்." சக்கர வேகத்தை உணரும் புது சென்சார் போட்டு இரண்டு நாள் கழித்து அதே விளக்கு மறுபடி எரிந்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

அந்த விளக்குக்கு எந்தப் பாகம் கெட்டது என்று தெரியாது. "எனக்கு வரவேண்டிய தகவல் சரியாக வரவில்லை, அதனால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன்" என்பதை மட்டுமே அது சொல்கிறது. தகவல் எந்த இடத்தில் அறுந்தது என்று தேடிப் பிடிப்பது நம் வேலை. அதற்கு முதலில் தகவல் எங்கே உருவாகி எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

## சக்கரம் நின்றுவிட்டால் ஏன் ஆபத்து?

ஈரத் தரையில் நடக்கும்போது பாதம் ஒவ்வோர் அடியிலும் தரையைப் பற்றுகிறது. அதனால்தான் நினைத்த பக்கம் திரும்ப முடிகிறது. கால் வழுக்கிய அந்த நொடியில் எவ்வளவு முயன்றாலும் திரும்ப முடியாது, உடல் போகிற போக்கில்தான் போகும். காருக்கும் இதே கதைதான். பிரேக்கை ஓங்கி மிதித்ததும் சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டால், டயர் சாலையைப் பற்றாமல் அதன்மேல் தேய்ந்துகொண்டு போகும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் நேராகவே போகும். இப்படிச் சக்கரம் நின்றுபோவதைச் 'சக்கரப் பூட்டு' என்று சொல்லலாம்.

சாதாரண தார்ச்சாலையில், கார் போகும் வேகத்தைவிடச் சக்கரம் ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம் மெதுவாகச் சுழலும் நிலையில்தான் டயரின் பிடி உச்சத்தில் இருக்கும். அந்த நிலைக்கு அருகிலேயே சக்கரத்தை வைத்திருக்க முயல்வதுதான் ஏபிஎஸ், அதாவது பூட்டுத் தடுப்பு பிரேக் அமைப்பு. மின்னணு முறையில் இயங்கும் இன்றைய வடிவத்தை பாஷ் நிறுவனம் உருவாக்கியது. 1978ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கார்களில் அது விற்பனைக்கு வந்தது.

ஏபிஎஸ் இருந்தால் கார் எப்போதும் சீக்கிரம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஈரமான தார்ச்சாலையில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் தளர்ந்த ஜல்லியிலும் மணலிலும் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் ஒரு மேட்டைக் குவித்துக்கொண்டு நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தைச் சுழலவிடுவதால் அங்கே கார் இன்னும் சற்றுத் தூரம் போகலாம். பிரேக் போடும்போதும் ஸ்டீயரிங் நம் கைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே இந்த அமைப்பின் முதல் நோக்கம்.

## சீப்பும் நகமும்

ஒரு சீப்பின் பற்கள்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மெதுவாக ஓட்டினால் டக் டக் என்று தனித்தனியாகக் கேட்கும். வேகமாக ஓட்டினால் டர்ர்ர் என்று ஒரே ஓசையாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நகம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று ஓசையை வைத்தே சொல்லிவிடலாம்.

சக்கரத்தோடு சுழலும் இரும்புப் பல்வளையம்தான் அந்தச் சீப்பு. அதன் பற்களுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தள்ளி, அசையாமல் பொருத்தியிருக்கும் சக்கர வேகச் சென்சார்தான் நகம். சென்சாருக்குள் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச்சுருளும் இருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சின்ன மின்துடிப்பு ஒன்று எழும். 48 பற்கள் உள்ள வளையம், ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் உருளும் டயர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில், நொடிக்குச் சுமார் 250 துடிப்புகள் வரும்.

இந்த வகைக்குச் செயலற்ற சென்சார் என்று பெயர். வெளியிலிருந்து மின்சாரம் வாங்காமல் தானே உண்டாக்குவதால் அப்படிச் சொல்கிறார்கள். சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாக மிதித்தால் விளக்கு பளிச்சென்று எரியும், மெதுவாக மிதித்தால் மங்கிவிடும். இந்தச் சென்சாரும் மெதுவான வேகத்தில் மங்கிய சிக்னலைத்தான் தரும். இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு புதிரை அவிழ்க்க உதவும்.

சற்றே புதிய கார்களில் இருப்பது செயல்படு சென்சார். இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் போகவேண்டும். கார் நகரத் தொடங்கும் வேகத்திலேயே இது தெளிவான சிக்னல் தரும். பல்வளையத்துக்குப் பதிலாக, வடக்கு தெற்கு என மாறிமாறிக் காந்தமேற்றிய ஒரு பட்டை பல கார்களில் பேரிங்கின் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பாகம்) சீலிலேயே இருக்கும்.

## துடிப்புகள் போய்ச் சேருமிடம்

நான்கு சென்சார்களின் ஒயர்களும் ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகின்றன. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பிரேக் மிதித்த நேரத்தில் மூன்று சக்கரங்கள் நிதானமாக வேகம் குறைய, ஒன்று மட்டும் சட்டென்று தாழ்ந்தால், அது பூட்டப்போகிறது என்று முடிவெடுக்கும்.

உடனே வால்வுப் பெட்டி வேலையில் இறங்கும். பிரேக் ஆயில் போகும் வழியில் சின்னச் சின்ன மின்வால்வுகளும் ஒரு மோட்டார் பம்பும் கொண்ட உலோகக் கட்டி அது. முதலில் அந்தச் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை மேலே ஏறாமல் நிறுத்தும். போதாவிட்டால் கொஞ்சம் வெளியேற்றும். சக்கரம் மறுபடி சுழன்றதும் அழுத்தத்தைத் திரும்பக் கொடுக்கும். நொடிக்குப் பல முறை இது நடக்கும். அவசரப் பிரேக்கில் காலடியில் மிதி துடிப்பது இதனால்தான். அப்போது பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பல்வளையம், சென்சார், ஒயர், கனெக்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி, வால்வுப் பெட்டி என்று ஒரு சங்கிலி. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் எரிவது ஒரே விளக்கு.

## மஞ்சளா, சிவப்பா?

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், பூட்டுத் தடுப்பு மட்டும் இருக்காது. அதாவது ஏபிஎஸ் இல்லாத கார் ஓட்டுவதுபோல. இடைவெளி விட்டு, நிதானமாக ஓட்டி, விரைவில் பழுது பார்க்கலாம்.

சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமையே வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அல்லது முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம். அப்போது பின்சக்கரங்கள் முதலில் பூட்டி, காரின் பின்புறம் பக்கவாட்டில் சுழற்றி வீசும் அபாயம் உண்டு. ஹேண்ட் பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா, ஆயில் மட்டம் சரியா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு அணையாவிட்டால் அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

## எப்போது எரிகிறது என்பதே முதல் தடயம்

கருவி எதையும் எடுக்கும் முன் விளக்கைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னையே சோதித்துக்கொள்ளும் நேரம் அது. சாவி போட்டபோது விளக்கு எரியவே இல்லை என்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். பல்பு போயிருக்கலாம், அல்லது பழுதை மறைக்க யாரோ கழற்றி வைத்திருக்கலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எரிந்த விளக்கு அணையாமலே நின்றால், கார் நகரும் முன்பே தெரியக்கூடிய மின்பழுது: அறுந்த ஒயர், எரிந்த ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), கட்டுப்பாட்டுப் பெட்டி. அணைந்துவிட்டு, கார் புறப்பட்டு மணிக்கு 10, 20 கிலோமீட்டரைத் தொடும்போது திரும்ப எரிந்தால், ஏதோ ஒரு சக்கரத்தின் சிக்னல் வரவில்லை. அல்லது பம்பு மோட்டாரின் சுயசோதனை தோற்றிருக்கிறது. பல கார்களில் புறப்பட்ட சில மீட்டரிலேயே 'கர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்குமே, அதுதான் அந்தச் சோதனை. பள்ளத்தில் இறங்கும்போதோ ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதோ மட்டும் எரிந்தால், உள்ளே முறிந்த ஒயர் அல்லது ஆட்டம் கண்ட பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

## செலவில்லாமல் பார்க்கக்கூடியவை

பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். சில கார்களில் அது குறைந்தாலே ஏபிஎஸ்ஸும் நின்றுவிடும். ஆயில் குறைந்திருந்தால் வெறுமனே நிரப்பி விடாதீர்கள். பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்த்த பிறகே நிரப்ப வேண்டும், அதுவும் மூடியில் எழுதியிருக்கும் வகையை மட்டும்.

பேட்டரியை அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் நல்லது. மின்னழுத்தம் ஏறக்குறைய 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி தானே விலகிக்கொள்ளும். பல ஆண்டு பழகிய பேட்டரியோ துருப்பிடித்த எர்த் ஒயரோ ஏபிஎஸ் விளக்கை எரியவைப்பது நாம் நினைப்பதைவிட அதிகம்.

ஏபிஎஸ்ஸுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஃபியூஸ்கள் இருக்கும், பம்பு மோட்டாருக்கான பெரியது பெரும்பாலும் எஞ்சின் அறையிலேயே இருக்கும். கண்ணால் மட்டும் பார்க்காமல் மீட்டரால் சோதியுங்கள். நான்கு டயர்களும் ஒரே அளவா, காற்று சரியா என்று பாருங்கள். ஒன்று மட்டும் சின்னதாக இருந்தால் அது எப்போதும் வேகமாகச் சுழலும், பெட்டி குழம்பும். பின்னால் ஒருவரை நிற்கவைத்து, பிரேக் மிதித்ததும் விளக்குகள் எரிந்து, விட்டதும் அணைகின்றனவா என்று கேளுங்கள். மிதியிலுள்ள சுவிட்ச் தரும் தகவலும் ஏபிஎஸ்ஸுக்குத் தேவை.

## குறியீடு காட்டுவது இடத்தை, குற்றவாளியை அல்ல

பெட்டி தான் கண்ட பழுதை ஒரு எண்ணாகப் பதிந்து வைக்கும். அதைப் பழுதுக் குறியீடு என்கிறோம். எஞ்சின் குறியீடுகளை மட்டும் படிக்கும் மலிவுக் கருவிக்கு இது தெரியாது, ஏபிஎஸ்ஸையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். இன்னும் பழைய கார்களில், சர்வீஸ் புத்தகம் சொல்லும் இரண்டு முனைகளை ஒரு சின்ன ஒயரால் இணைத்தால் ஏபிஎஸ் விளக்கே கண்சிமிட்டி எண்ணைச் சொல்லும். மூன்று சிமிட்டல், சற்று இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 32. முனை மாறினால் பெட்டியே போய்விடலாம், ஊகித்து இணைக்காதீர்கள்.

சி0035 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். பொதுவாக இதன் பொருள் 'இடது முன்சக்கர வேகச் சென்சார் சுற்று'. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்: சுற்று. சென்சார், ஒயர், கனெக்டர் எல்லாம் சேர்ந்ததுதான் சுற்று. பல்வளையம் உடைந்தாலும் இதே சக்கரத்தின் பெயர்தான் வரும். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். எந்தச் சக்கரத்தின் பக்கம் போக வேண்டும் என்பதோடு குறியீட்டின் வேலை முடிந்தது.

## சக்கரத்தின் அருகே

சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பிறகு கட்டாயம் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை நீட்டாதீர்கள்.

முதலில் கண்ணும் கையும். ஒயர் சக்கரத்தோடு சேர்ந்து வளையும் இடத்தை விரல்களால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வெளி ரப்பர் முழுதாக இருந்தும் உள்ளே செம்பு முறிந்திருந்தால், அந்த இடம் மட்டும் தொளதொளவென்று மடங்கும். கனெக்டரைப் பிரித்தால் பச்சைப் பூஞ்சை போல ஏதாவது தெரிகிறதா? அது செம்பில் படிந்த களிம்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்னத் தூரிகையால் சுத்தம் செய்தாலே பல பழுதுகள் தீரும். பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்து, சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறுகிறது.

அடுத்து மல்டிமீட்டர். செயலற்ற சென்சாராக இருந்தால் கனெக்டரைப் பிரித்து, இரு முனைகளுக்கு இடையே ஓம் அளவை, அதாவது மின்தடையைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 800 முதல் 2,500 ஓம் வரை இருக்கும். எல்லையின்றிக் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது, சுழியத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட். மற்றொரு பக்கச் சென்சாரையும் அளந்து ஒப்பிடுங்கள், புத்தக எண்ணைவிட இந்த ஒப்பீடு நம்பகமானது. மீட்டர் இணைந்திருக்கும்போதே ஒயரை நீளவாக்கில் அசைத்துப் பாருங்கள், எண் துள்ளினால் முறிவு கிடைத்துவிட்டது. ஒரு முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது.

ஓம் சரியாக இருப்பது சென்சார் வேலை செய்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, நொடிக்கு ஒரு சுற்று வீதம் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். சில பத்து முதல் சில நூறு மில்லிவோல்ட் வரை வரவேண்டும். ஒரு பக்கம் 300 வந்து மறுபக்கம் 80 மட்டும் வந்தால், சென்சார் பிழைத்திருக்கிறது, ஆனால் பல்லிலிருந்து விலகியிருக்கிறது.

ஏன் விலகும்? சென்சார் உட்காரும் வார்ப்பிரும்பு மேடையில் துரு பிடித்தால், அது உப்பி, சென்சாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிவிடும். அரை மில்லிமீட்டர் தூக்கினாலே சிக்னல் பலமாகக் குறையும். சென்சாரைக் கழற்றி, துளையையும் மேடையையும் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, காந்த நுனியில் ஒட்டிய இரும்புத்தூளைத் துடைத்துத் திரும்பப் பொருத்துங்கள். கழற்றும்போதுதான் பொறுமை வேண்டும். துருவோடு இறுகிய சென்சாரைக் குறடால் முறுக்கினால் பிளாஸ்டிக் தலை கையோடு வந்துவிடும். துரு நீக்கும் எண்ணெயை முந்தைய நாளே ஊற்றி, மறுநாள் இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள்.

சக்கரத்தில் எல்லாம் சரியாக இருந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டியின் கனெக்டரைப் பிரித்து அதே சென்சாரை அங்கிருந்து அளந்து பாருங்கள். சக்கரத்தின் அருகே 1,100 ஓம், பெட்டியருகே ஒன்றுமே இல்லை என்றால் முறிவு நடுவில் இருக்கிறது. ஒயரின் மேல்தோலில் ஊசி குத்தி அளக்காதீர்கள், அந்தத் துளை வழியே ஈரம் புகுந்து அடுத்த பழுதைக் கொண்டுவரும்.

செயல்படு சென்சாரை ஓம் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. கனெக்டரைப் பிரித்து, சாவியைப் போட்டு, பெட்டியிலிருந்து வரும் மின்னழுத்தத்தைப் பாருங்கள், பல கார்களில் பேட்டரி அளவுக்கு நெருக்கமாக இருக்கும். பேரிங் மாற்றிய பிறகு பழுது தொடங்கியிருந்தால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். காந்தப் பட்டை உள்ள பக்கத்தை வெளிப்புறமாக வைத்துப் பேரிங்கைத் தலைகீழாகப் பொருத்திவிட்டால் சிக்னல் வராது.

இந்தப் பகுதியின் சாரம்: ஒயரைப் பார், ஓம் பார், சுழற்றிப் பார், பெட்டிப் பக்கமிருந்து பார். நான்கிலும் சென்சார்தான் காரணம் என்று தெரிந்த பிறகே புதிது வாங்குங்கள்.

## விளக்கே எரியாத பழுது

போக்குவரத்துச் சிக்னலில் மெதுவாக நிறுத்தும்போது, மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில், காய்ந்த சாலையில், காலடியில் மிதி கர்ரென்று துடித்து, கார் ஒரு கணம் நிற்க மறுத்து முன்னே நழுவும். விளக்கு எரியாது. பலரும் இதைப் பிரேக் டிஸ்க் கோளாறு என்று நினைத்து டிஸ்க்கை மாற்றுகிறார்கள்.

சைக்கிள் டைனமோவை இப்போது நினைவுக்குக் கொண்டுவாருங்கள். வேகம் குறையக் குறைய எல்லாச் சென்சார்களின் சிக்னலும் மங்கும். துருவால் விலகிய சென்சாரின் சிக்னல் மற்றவற்றுக்கு முன்பே மறைந்துவிடும். மூன்று சக்கரங்கள் ஓடுகின்றன, ஒன்று நின்றுவிட்டது என்று பெட்டி தவறாகப் புரிந்துகொண்டு அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தளர்த்துகிறது.

இன்னொரு காரணம் விரிசல் விட்ட பல்வளையம். அச்சில் இறுக்கிப் பொருத்திய வளையம், அடியில் துரு உப்புவதால் ஓரிடத்தில் பிளந்துவிடும். சீப்பில் ஒரு பல் போனால் ஓசை ஒரு கணம் தடுக்குவதுபோல, சுற்றுக்கு ஒரு முறை சிக்னல் தடுக்கும். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், இந்தத் தடுக்கலைக் காட்டாது. டார்ச் அடித்து, சக்கரத்தை மெல்லச் சுழற்றி, வளையம் முழுவதையும் ஒரு சுற்றுப் பாருங்கள். இரண்டு பற்களுக்கு நடுவே மட்டும் இடைவெளி அகன்று, மயிரிழைக் கோடு ஒன்று தெரியும்.

ஸ்கேனர் இருந்தால் இரண்டையும் பிடிக்க எளிய வழி, நான்கு சக்கர வேகங்களையும் திரையில் வைத்து நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்ப்பது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்க, திரையை இன்னொருவர் பார்க்க வேண்டும். நான்கும் ஒட்டியே இறங்கவேண்டும். எது முதலில் சுழியத்துக்கு விழுகிறதோ அந்தச் சக்கரத்துக்குப் போங்கள்.

## சக்கரங்கள் நான்கும் சரியாக இருந்தால்

பம்பு மோட்டார் குறித்த குறியீடு வந்தால் ஃபியூஸ், ரிலே, எர்த் மூன்றையும் முதலில் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்து, சூடேறியதும் விளக்கு எரிந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சால்டர் இணைப்பு விரிசல் விட்டிருக்கலாம். வால்வுப் பெட்டியோடு திருகிய பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளை, பிரேக் குழாயைத் தொடாமலே தனியாகக் கழற்றி, பழுது பார்க்கும் நிபுணரிடம் கொடுக்க முடியும். வேறு காரிலிருந்து எடுத்த பெட்டியை அப்படியே மாட்டினால் பெரும்பாலும் வேலை செய்யாது, உங்கள் காருக்கேற்ப அதைப் பதிவு செய்யவேண்டும். வால்வுப் பெட்டியையே மாற்ற வேண்டிவந்தால், பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற ஸ்கேனரால் பம்பை இயக்கும் வசதி தேவைப்படும். அதை வீட்டில் முயல வேண்டாம்.

## சரிசெய்த பிறகு

குறியீட்டை அழியுங்கள். சாவியைப் போட்டு விளக்கு எரிந்து அணைவதை உறுதி செய்யுங்கள். சில கார்களில் பழுது நீங்கிய பிறகும், மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டிய பின்புதான் விளக்கு அணையும், அதனால் நின்ற இடத்திலேயே அது எரிவதைக் கண்டு மறுபடி கழற்ற ஆரம்பிக்காதீர்கள். ஓட்டும்போது ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள், புதிதாகப் போட்ட ஒயர் டயரிலோ சஸ்பென்ஷனிலோ உரசக் கூடாது. அதன் கிளிப்புகள் எல்லாம் பழைய இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். ஒரே ஒரு கிளிப் விட்டுப்போனாலும் சில மாதங்களில் அதே இடத்தில் ஒயர் அறுந்து, அதே குறியீடு திரும்ப வரும்.